காளயுக்தி வருஷத்து ஜுரம்: 1918 நம்ம வட ஆற்காட்டை மாற்றியதா, இல்லையா?

பாலாற்றங்கரை (சனி, இரவு 9.40)

வாரிசுச் சான்று வேலையாக ரெண்டு மாசமாக அலைந்துகொண்டிருக்கிறேன். கொள்ளுத்தாத்தா பேரில் கிடக்கிற ஒரு ஏக்கர் சில்லறைக்கு வம்சாவளி எழுதித் தரச் சொன்னார்கள். பரணில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தால் அவர் எழுதிய கணக்கு நோட்டு. நீளவாக்கில் மடித்துத் தைத்தது, ஓரமெல்லாம் கறையான். வேர்க்கடலை எத்தனை மூட்டை, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட கூலி, மாட்டுக்குப் புண்ணாக்கு. இப்படியே போய்க்கொண்டிருந்த கணக்கில் ஒரு பக்கம்:

"காளயுக்தி ௵ ஐப்பசி ௴. மூத்தவள் ஜுரத்தில் தவறினாள்."

அதற்கு அடுத்த வரி ஒரு மாடு விற்ற கணக்கு. ஒன்பது நாள் கழித்துத் தம்பி. நாலு நாள் கழித்து "கைக்குழந்தை". அப்புறம் ஒரு முழுப் பக்கம் காலி. தை மாசத்திலிருந்து மறுபடி வேர்க்கடலைக் கணக்கு, ஒன்றும் நடக்காத மாதிரி.

௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாசம். காளயுக்தி என்றால் 1918-19. ஸ்பானிஷ் ஃப்ளூ என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். எங்க ஆயா அதை 'விஷ ஜுரம்' என்பார். அவருக்கே கேள்விப்பட்ட கதைதான். அந்த வருஷத் தீபாவளிக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லையாம். நம்ம பக்கத்தில் தீட்டு உள்ள வீட்டில் சட்டி வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் தீட்டு என்றால் யார் யாருக்குக் கொடுப்பது?

வம்சாவளியை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அந்தத் தலைமுறையில் நாலு குடும்பம். அதில் மூன்றில் 1919, 20-ல் இரண்டாம் தாரம். நானே இரண்டாம் தாரத்து வழி. அந்த ஜுரம் வராதிருந்தால் இதை எழுத நான் இல்லை.

கேள்வி இதுதான். உலகத்தையே மாற்றியது என்று இந்த ஜுரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நம்ம மாவட்டத்தில் என்ன மாற்றியது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடும்பத்துக் கதை இருந்தாலும் எழுதுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் (சனி, இரவு 10.15)

தம்பி, ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது தண்டவாளம்தான்.

பம்பாயில் 1918 ஜூன் 10 அன்று துறைமுகத்தில் காவல் நின்ற ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மே மாசக் கடைசியில் போர்முனைப் பக்கமிருந்து ஒரு கப்பல் வந்து நின்றிருந்தது. அதனால் ஊரெல்லாம் பேர் 'பம்பாய் ஜுரம்'. முதல் அலை லேசாகப் போய்விட்டது. செப்டம்பருக்கு மேல் வந்த இரண்டாவது அலைதான் ஆளை அடித்தது.

பம்பாய் மெயின் லைன் ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாக வந்து மதராஸ் லைனோடு சேர்கிற இடம் எது? அரக்கோணம். அன்றைக்கு அது வட ஆற்காடு ஜில்லா. அங்கே வண்டி மாறினால் காட்பாடி, ஜோலார்பேட்டை. தெற்கே முதன்முதலில் ரயில் ஓடியதே 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு. நோய்க்கும் நம்ம ஜில்லாவுக்குள் நல்ல பாதை போட்டு வைத்திருந்தோம். இன்ன வண்டியில்தான் வந்தது என்று நான் சாட்சி சொல்லவில்லை. ஆனால் மாட்டு வண்டியில் வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

மக்கன்பேடா (சனி, இரவு 10.22)

பம்பாயிலிருந்து வந்ததற்கு ஸ்பெயின்காரன் மேல் ஏன் பழி?

காட்பாடி ஜங்ஷன் (சனி, இரவு 10.31)

போரில் இருந்த நாடுகள் பத்திரிகையைக் கட்டிப்போட்டிருந்தன. ஸ்பெயின் போரில் இல்லை, அங்கே உள்ளதை எழுதினார்கள். ராஜாவுக்கே காய்ச்சல் வந்தது செய்தியாயிற்று. உண்மையைச் சொன்ன வீட்டுக்கே பேர் ஒட்டிக்கொண்டது.

கணக்குப்பிள்ளை (சனி, இரவு 11.05)

பாலாற்றங்கரை, நோட்டை பத்திரமாக ஸ்கேன் எடுத்து வையுங்கள். எண்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தியாவில் செத்தவர்கள் 1.2 கோடி முதல் 2 கோடி வரை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏன் இவ்வளவு இடைவெளி? அன்றைக்கு கிராமத்தில் சாவைப் பதிந்தவர் டாக்டர் இல்லை, கிராம முன்சீப். அவர் கையில் இருந்த பட்டியலில் காலரா, அம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, 'ஜுரம்' என்று சில கட்டங்கள்தான். காலரா, அம்மை என்றால் பார்த்தாலே தெரியும். மற்றதெல்லாம் ஜுரம். மலேரியாவும் அங்கேதான், டைபாய்டும் அங்கேதான், இதுவும் அங்கேதான். பதியவே படாத சாவு வேறு. ஆகவே மற்ற வருஷங்களை விட எத்தனை அதிகம் என்று கழித்துப் பார்த்துத்தான் கணக்குப் போட முடியும்.

அடுத்தது, சென்னை மாகாணம் மற்ற இடங்களை விடத் தப்பித்தது. பம்பாய் மாகாணம், மத்திய மாகாணம், பஞ்சாப் இவைதான் மோசம். தெற்கே, கிழக்கே வர வர வேகம் குறைந்தது. உங்கள் தெருவுக்கு நடந்தது உண்மை. ஆனால் வட ஆற்காடே காலியாயிற்று என்று யாராவது இதை வைத்து வாட்ஸப்பில் கிளப்பிவிடாதீர்கள்.

இரண்டாம் தாரம் பற்றிச் சொன்னது மட்டும் மிகச் சரி. சாதாரண ஃப்ளூ கிழவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோகும். இது 20 முதல் 40 வயதுக்காரர்களை எடுத்தது. அதிலும் இந்தியாவில் ஆண்களை விடப் பெண்கள் அதிகம். படுத்தவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள், கடைசியில் சாப்பிட்டவளும் அவள். 1918-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, அரிசி விலை ஏறி, செப்டம்பரில் மதராஸில் தானியக் கடைகளைக் கொள்ளையடிக்கும் அளவுக்குப் போயிற்று. அந்த நிலைமையில் கடைசிப் பந்தியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

குரூப் 2 கனவு (ஞாயிறு, காலை 6.50)

1921: பெரும் பிரிவினை ஆண்டு! நாலு வருஷமாக மனப்பாடம் செய்கிறேன். 1911-ல் 25.21 கோடி, 1921-ல் 25.13 கோடி. மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு. ஏன் குறைந்தது என்று எந்த கைடிலும் ஒரு வரிக்கு மேல் இல்லை. "பஞ்சம், கொள்ளைநோய்" என்று முடித்துவிடுவார்கள். அந்த 'கொள்ளைநோய்' பாலாற்றங்கரை அண்ணன் வீட்டு நோட்டில் இருப்பதைப் படித்தபோது கொஞ்சம் என்னமோ போல ஆகிவிட்டது.

நைட் டியூட்டி (ஞாயிறு, காலை 8.10)

இப்போதுதான் டியூட்டி முடித்து வந்தேன். தூக்கம் வராமல் எல்லாவற்றையும் படித்தேன்.

வேலூரில் இருந்துகொண்டு 1918 என்றால் ஒரு தேதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆகஸ்ட் 12, 1918. ஐடா ஸ்கடர் அம்மா பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய நாள். இன்றைய சி.எம்.சி. கல்லூரியின் ஆரம்பம் அது. ஒரு கட்டில் போட்டு 1900-ல் வைத்தியம் ஆரம்பித்தவர், 1909-லேயே நர்ஸிங் பள்ளியும் தொடங்கியிருந்தார். அந்தப் பெண்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து சில வாரத்தில் இரண்டாவது அலை. நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு டாக்டர்கள் கையில் என்ன இருந்தது? வைரஸ் என்றே தெரியாது. பாக்டீரியா ஒன்றைத்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல். பெனிசிலின் கண்டுபிடித்தது 1928. பெரும்பாலான சாவு காய்ச்சலுக்கு மேல் வந்த நிமோனியாவில். அதற்கு மருந்து கிடையாது. தண்ணீர் கொடுப்பது, கஞ்சி கொடுப்பது, துணி மாற்றுவது, சாய்த்து உட்காரவைப்பது. இவ்வளவுதான் வைத்தியம். இது டாக்டர் வேலை இல்லை, நர்ஸ் வேலை.

2021 மே மாசம் நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன், பேர் வேண்டாம். ஆக்ஸிஜன் பத்தாது, படுக்கை பத்தாது. ஒரு ராத்திரி முழுக்க நாங்கள் செய்தது ஆட்களைக் குப்புறப் படுக்கவைத்துத் தலையணை சரிசெய்ததுதான். எண்பத்தி இரண்டில் இருந்த ஆக்ஸிஜன் மீட்டர் தொண்ணூறு ஏறும்போது பக்கத்துக் கட்டில் அம்மா "எனக்கும் திருப்பிவிடு கண்ணு" என்றார். நூறு வருஷம் கழித்தும் கை வேலைதான்.

ஆகவே என் பதில்: பெண்கள் வெளியே வந்து நோயாளியைத் தொட்டு வேலை செய்யலாம் என்பதை இந்த ஊருக்குப் பழக்கியது அந்த ஜுரம்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, காலை 9.30)

நைட் டியூட்டி அக்கா, உங்கள் வேலைக்குக் கும்பிடு. ஆனால் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. பள்ளி தொடங்கியது ஆகஸ்டில், ஜுரம் அடித்தது அதற்கு அப்புறம். பள்ளிக்கான யோசனை அதற்குப் பல வருஷம் முன்பு. பிரசவத்தில் தவித்த பெண்களை ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் மறுத்து, ஒரே ராத்திரியில் மூன்று பேர் செத்ததுதான் ஐடா அம்மாவை மருத்துவம் படிக்கவைத்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. ஜுரம் இதைச் செய்யவில்லை.

இதே தவறு உலக அளவிலும் நடக்கிறது. பிரிட்டனில் சுகாதார அமைச்சகம் 1919-ல் வந்தது, தென்னாப்பிரிக்காவில் பொதுச் சுகாதாரச் சட்டம் 1919-ல் வந்தது, எல்லாம் ஃப்ளூவால் என்பார்கள். தென்னாப்பிரிக்காவுக்குச் சரி. பிரிட்டனில் அந்தப் பேச்சு ஃப்ளூவுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

நைட் டியூட்டி (ஞாயிறு, காலை 9.52)

தொடங்கியது ஜுரத்தால் என்று நான் சொல்லவில்லையே ஐயா. நிலைத்தது எதனால் என்று பாருங்கள். அந்த முதல் செட்டில் 1922-ல் பரீட்சை எழுதிய 14 பேரும் பாஸ். பெண் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைப்பதா என்று கேட்ட காலம். நாலு வருஷம் முன்பு வீட்டுக்கு வீடு பெண்கள் செத்ததைப் பார்த்த ஊர், அந்த 14 பேரை எப்படிப் பார்த்திருக்கும்? இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று சொல்வதற்கும் உங்களிடம் சான்று இல்லை.

தூங்கப் போகிறேன்.

டேனரி பையன் (ஞாயிறு, பகல் 12.20)

பதினாலு என்றதும் ஞாபகம் வந்தது. லாங்பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? காய்கறி வண்டிகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும், பின்னாலிருந்து ஆட்டோக்காரர் திட்டுவார். 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும். 14 பேருக்குக் கல். ஜுரத்தில் போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு செங்கல்கூட இல்லை.

இன்னொரு விஷயம். எங்க குடும்பம் ராணிப்பேட்டையில் தோல் தொழில். போர்க்காலத்தில் சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலை அரசாங்கமே வாங்கியது. நம்ம தோல் பூட்ஸாகி பிரான்சு சேற்றில் நின்றது. அந்தச் சிப்பாய்கள் திரும்பி வந்த கப்பலில் ஜுரம் வந்தது. தாத்தா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மக்கன்பேடா (ஞாயிறு, பகல் 12.41)

காந்திக்கே அந்த ஃப்ளூ வந்து பிழைத்தார் என்று படித்தேன். உண்மையா?

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, பகல் 1.15)

கொரோனா நேரத்தில் எல்லாப் பத்திரிகையும் போட்டது. 1918-ல் சாகக் கிடந்தது உண்மை. ஆனால் அது சீதபேதி என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பண்டிகைக்குச் செய்த இனிப்புக் கஞ்சியை ஆசைப்பட்டுச் சாப்பிட்டதில் ஆரம்பித்தது என்பது வரை சொல்கிறார். பெரிய மனிதர் பேரைச் சேர்த்தால்தான் நோய்க்கு மரியாதை என்று நினைக்கிறார்கள் போல. இந்திக் கவிஞர் நிராலா இந்த ஜுரத்தில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தார், கங்கை முழுக்கப் பிணம் என்று எழுதினார். அது நிஜமான சாட்சி.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, மாலை 4.05)

கணக்குப்பிள்ளை சார் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போகிறார். மிச்சம் எதுவுமே இல்லையா என்ன? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சமோவா தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு சமோவாவில் 1918 நவம்பரில் ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் விட்டார்கள். ஐந்தில் ஒருவர் செத்தார். பக்கத்திலேயே அமெரிக்க சமோவாவில் கப்பலை நிறுத்திவைத்தார்கள். ஒரு சாவு இல்லை. நோய் விதி இல்லை, நிர்வாகம் என்பதை இதை விடப் பளிச்சென்று எது காட்டும்? அப்புறம் ஒரு நாட்டு ஃப்ளூவை அந்த நாடு மட்டும் பார்த்தால் போதாது என்று வந்து, 1952-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஃப்ளூவைக் கண்காணிக்க ஆய்வுக்கூட வலை ஒன்றை அமைத்தது. 1957-ல் சிங்கப்பூர் பக்கமிருந்து அடுத்த ஃப்ளூ கப்பலேறி சென்னைக்கு வந்தபோது அது என்ன வைரஸ் என்று உடனே சொல்ல முடிந்தது.

நம்ம பக்கம்? 1919 இந்திய அரசுச் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் மாகாண மந்திரிகள் கைக்கு வந்தது. 1939-ல் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே முதல். கொரோனாவில் தெருவை அடைத்துத் தகரம் அடித்தார்களே, அபராதம் போட்டார்களே, அந்தச் சட்டத்தின் பேரிலும்தான். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் வைத்திருக்கிற மாநிலம் நாம். ஒரே ஜுரத்தால் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். காலரா, பிளேக், அம்மை எல்லாம் சேர்ந்து தட்டிய கதவு. 1918 உதைத்தது.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மாலை 5.20)

"உதைத்தது" நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். நானும் ஒன்று சேர்க்கிறேன், கழித்துக்கொண்டே இருப்பவன் என்ற பேர் வேண்டாம். அமெரிக்காவில் அந்த ஜுரம் அடித்தபோது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை, முன்னும் பின்னும் பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் படிப்பும் குறைவு, வருமானமும் குறைவு. பிழைத்தவர்களோடு நோய் முடியவில்லை. நம்ம ஊரில் இதைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. குப்பன், பிச்சை என்று பேர் வைத்த பிள்ளைகள் அந்த வருஷங்களில் எத்தனை என்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் எண்ணினாலே ஒரு கதை கிடைக்கும்.

குரூப் 2 கனவு (ஞாயிறு, மாலை 5.44)

அது என்ன சார் குப்பன், பிச்சை?

குடியாத்தம் தறி (ஞாயிறு, மாலை 6.30)

அதை நான் சொல்கிறேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து குப்பன், குப்பம்மா என்று பேர் வைப்பார்கள். இல்லை, யாரிடமாவது கொடுத்துப் பிச்சையாக வாங்கிக்கொண்டு பிச்சை என்று வைப்பார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க.

டேனரி பையன் சொன்ன செங்கல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் ரொம்ப நாளாக அந்தக் கேள்வி. அம்மைக்கு மாரியம்மன். கோயமுத்தூர் பக்கம் பிளேக் மாரியம்மனே இருக்கிறாள். கொரோனாவுக்குக்கூட அங்கே சிலை வைத்தார்கள். எங்கள் ஊர் கெங்கையம்மனுக்கு வைகாசி முதல் தேதி சிரசு எடுக்கும்போது நிற்க இடம் இருக்காது. இவ்வளவு அம்மன் இருக்கிற ஜில்லாவில் அந்த ஜுரத்துக்கு மட்டும் ஏன் ஒருத்தியும் இல்லை? மூன்று மாசத்தில் வந்து போய்விட்டது, கோயில் கட்ட அது திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பாலாற்றங்கரையின் நோட்டைப் படித்ததும் வேறு தோன்றுகிறது. தம்பி, உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி படையல் உண்டா? நம்ம பக்கம் சுமங்கலியாகப் போனவளை, கன்னியாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக வைத்துப் புதுப் புடவை, பூ, மஞ்சள் வைத்துக் கும்பிடுவோமே. உங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் இன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா சொன்னார், அது தாத்தாவின் அக்கா, 'பெரிய காய்ச்சலில்' போனவளாம். நாற்பது வருஷமாகக் கும்பிடுகிறேன், இன்றைக்குத்தான் தெரியும்.

நைட் டியூட்டி (ஞாயிறு, மாலை 6.58)

உடம்பெல்லாம் சிலிர்க்கிறது அண்ணே.

பாலாற்றங்கரை (செவ்வாய், இரவு 8.50)

எல்லோருக்கும் நன்றி. தறி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஆரணியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். வயது எண்பத்தி ஆறு, காது கேட்காது, ஞாபகம் பலம்.

எங்கள் வீட்டிலும் உண்டு. என் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிணற்றடியில் செய்தார்களாம். மஞ்சளில் நனைத்த புடவையைப் பானையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், நான் அப்போது மண்டபத்துக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கு அத்தை அந்தப் புடவை என்று கேட்டேன்.

"மூத்தவளுக்கு."

மூத்தவள் பேர் என்ன என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "மூத்தவன்னுதான்டா கூப்புடுவோம். எங்க ஆயா அவளுக்கு வச்சுதான் சாப்புடும், தீபாவளிக்கு முதல் அதிரசம் அவளுக்குத்தான். பேரு யாருக்குத் தெரியும்?"

இரண்டாவதாக வந்தவர் மூத்தவளுக்குப் படைத்திருக்கிறார், அறுபது வருஷம். பேர் சொல்லாமலே.

இன்றைக்கு ஆபீஸுக்குப் போனேன். வம்சாவளியில் முதல் மனைவி பேர் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்பாமல் வாங்க முடியாது என்றார்கள். இறப்புச் சான்றும் வேண்டுமாம். நோட்டைக் காட்டினேன். அந்த எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ௵, ௴ எல்லாம் என்ன குறி என்று கேட்டுப் படித்தார். மாடு விற்ற வரி வரைக்கும் படித்துவிட்டு நோட்டை மூடி என்னிடம் கொடுத்து, "பதிவில்லைன்னு ஒரு சான்று வாங்கி வாங்க, பார்க்கலாம்" என்றார்.

கணக்குப்பிள்ளை சார், அந்தக் காலத்து கிராம முன்சீப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கும், தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலா, இல்லை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலா? ஜுரம் என்ற கட்டத்தில் தேட வேண்டும். பேர் இருந்தால் போதும்.